உடுக்கைப் பாட்டும் எண்ணிம ஒலிப்பதிவும்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி ஊர்களில் தெருக்கூத்தும் உடுக்கடிக் கதைப்பாட்டும் இன்றும் நிகழ்த்தப்படுகின்றன. இவற்றின் பெரும்பகுதி அச்சில் இல்லை. பாடுபவரின் நினைவிலும் குரலிலும் இருக்கிறது. ஆகவே இக்கலைகளுக்கு ஒலிப்பதிவே மூல ஆவணம். அந்த ஒலிப்பதிவு இன்று ஏறத்தாழ முழுவதும் டிஜிட்டல் எனப்படும் எண்ணிம முறைக்கு மாறிவிட்டது. 'கணினியில் ஏற்றிவிட்டால் இனி அழியாது' என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. எண்ணிம முறை ஒலியைக் காக்கும் வல்லமை உடையது என்பது உண்மை. ஆனால் எப்படிப் பதிவு செய்தார்கள், எந்த வடிவத்தில் வைத்தார்கள், யார் படியெடுத்துப் பராமரிக்கிறார்கள் என்ற மூன்றையும் பொறுத்தே அந்த வல்லமை பயன்படும். இப்பகுதியின் கதைப்பாட்டுப் பதிவுகளில் இம்மூன்றுமே பலவீனமாக உள்ளன என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு.

எண்ணிமத்துக்கு முன்

ஒலிப்பதிவு இப்பகுதிக்குப் புதியது அல்ல. திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் படமான 'சதி அகல்யா' 1937இல் வெளிவந்தது. அக்காலப் பேசும்படத்தில் ஒலி, ஒளியாக எழுதப்பட்டது. மைக்கில் பட்ட ஒலி மின்சாரமாகும். அந்த மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் ஒளியின் ஏற்ற இறக்கமாகிப் படச்சுருளின் ஓரத்தில் மெல்லிய தடமாகப் பதியும். வினாடிக்கு 24 படங்கள் என ஓடும் 35 மில்லிமீட்டர் சுருளில், ஒரு வினாடி ஒலிக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம் தேவைப்பட்டது.

1930களில் தமிழில் வந்த பேசும்படங்களில் பெரும்பாலானவற்றின் சுருள்கள் இன்று கிடைக்கவில்லை. ஆனால் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' (1950) போன்ற படங்களின் பாடல்களை இன்றும் கேட்க முடிகிறது. ஒரே பெட்டியில் பூட்டி வைத்ததால் அவை தப்பவில்லை. படச்சுருள், இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா என்று பல வடிவங்களில் பல கைகளுக்குப் போனதால் தப்பின. கூத்துக்கும் உடுக்கைப் பாட்டுக்கும் இந்த வாய்ப்பு அமையவில்லை. விடிய விடிய நடக்கும் கூத்து, பக்கத்துக்குச் சில நிமிடமே ஓடும் இசைத்தட்டில் அடங்காது.

நீண்ட கதைப்பாட்டைப் பதிவு செய்ய வழி திறந்தது காந்த ஒலிநாடா வந்த பிறகுதான். இதற்கு இப்பகுதியின் தலைசிறந்த எடுத்துக்காட்டு காவிரிக்கு மேற்கே நடந்தது. மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், காங்கேயத்துக்கு அருகிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கிக் கொங்குச் சமூகத்தை ஆராய்ந்தவர். பொன்னர், சங்கர் வரலாற்றைப் பாடும் அண்ணன்மார் சுவாமி கதையை 1965இல் அவர் நாடாவில் பதிவு செய்தார். பல இரவுகள் நீண்ட பாட்டு அது. 1982இல் இக்கதை பற்றிய அவருடைய ஆங்கில ஆய்வு நூல் வந்தது. 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் கதையைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இரு தொகுதிகளாக வெளியிட்டது. பதிவுக்கும் அந்தப் பதிப்புக்கும் இடையே 27 ஆண்டுகள். ஒலி நாடாவில் இருந்ததால்தான் அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பாடலை அச்சாக்க முடிந்தது. பாடகர் ஒருவர் எழுதிக்கொள்வதற்காக நிறுத்தி நிறுத்திச் சொல்லும் கதையும், உடுக்கையோடு கூட்டத்தின் முன் பாடும் கதையும் ஒன்றாக இருப்பதில்லை. எழுத்தில் கதை மட்டும் நிற்கும். பாட்டு எங்கே முடிகிறது, வசனம் எங்கே தொடங்குகிறது, உடுக்கை எங்கே வேகம் எடுக்கிறது என்பதெல்லாம் ஒலியில்தான் இருக்கும்.

நாடாவுக்கும் குறை உண்டு. நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும்; நான்காவது, ஐந்தாவது படியில் குரல் மங்கிவிடும். இந்தக் குறையைத் தீர்த்ததே எண்ணிம முறையின் பெரிய சாதனை.

ஒலி எண்ணாவது எப்படி

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். எண்ணிமப் பதிவில் இந்த ஏற்ற இறக்கம் சீரான இடைவெளியில் அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் ஓர் எண்ணாக எழுதப்படுகிறது. ஒவ்வோர் அளவையும் மாதிரி என்றும், வினாடிக்கு எத்தனை மாதிரி என்பதை மாதிரி வீதம் என்றும் கூறுவர். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் மாதிரி வீதம் வினாடிக்கு 44,100.

புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் புள்ளிகள், பிறகு அவற்றை ஒட்டி ஓடும் கோடு. ஆனால் ஒரே புள்ளி வரிசையில் பல கோலங்கள் போடலாம். அப்படியானால் எண்களைக் கொண்டு பழைய ஒலியையே மீட்கிறோம் என்பதற்கு என்ன உறுதி? ஹாரி நைக்விஸ்ட் 1928இலும் கிளாட் ஷானன் 1949இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. பதிவாகும் ஒலியின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் மாதிரி வீதம் இருந்தால், அந்தப் புள்ளிகளின் வழியே ஒரே ஒரு கோடுதான் போக முடியும். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதன் இரு மடங்கு 40,000. அதற்குச் சற்று மேலே 44,100. 'புள்ளிக்குப் புள்ளி இடையில் உள்ள ஒலி தொலைந்துபோகிறது' என்று சொல்வது இந்த வரம்புக்குள் சரியல்ல.

வரம்பை மீறினால் தவறான ஒலி பதிவாகும். திரைப்படத்தில் வேகமாக ஓடும் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதும் இதே காரணத்தால்தான். வினாடிக்கு 24 படம் அந்த வேகத்துக்குப் போதவில்லை. ஒலிப்பதிவுக் கருவியில் இப்பிழை வராமல் இருக்க, வரம்புக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் முன்பே வடிகட்டப்படுகின்றன.

அடுத்தது ஒவ்வோர் அளவையும் எத்தனை நுட்பமாக எழுதுவது என்பது. இதைப் பிட் ஆழம் என்பர். 16 பிட்டில் 65,536 படிகள் உண்டு. 24 பிட்டில் 1,67,77,216 படிகள். படிகள் கூடக் கூட, மிக மெல்லிய ஒலியும் மிக உரத்த ஒலியும் ஒரே பதிவில் இடம் பெறும். மேல் எல்லை ஒன்றும் உண்டு. நாடாவில் ஒலி அளவு மிஞ்சினால் அது படிப்படியாகத்தான் கெடும். எண்ணிமத்தில் எல்லையைத் தாண்டிய அலையின் உச்சி வெட்டப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட பகுதியை உள்ளபடியே மீட்க எந்த மென்பொருளாலும் இயலாது. மைக்குக்கு அருகில் ஓங்கி அடிக்கும் உடுக்கையைப் பதிவு செய்பவர் முதலில் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். அளவைக் குறைத்து வைத்து 24 பிட்டில் பதிவு செய்தால் இத்தொல்லை இல்லை.

எம்பி3 எதை விட்டுவிடுகிறது

குறுந்தகட்டுத் தரத்தில் இருதடப் பதிவு ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட் இடம் கேட்கும். இணைய வேகமும் நினைவகமும் குறைவாக இருந்த 1990களில் இது பெரிய சுமை. அதற்குத் தீர்வாக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் வேறு சில ஆய்வுக் குழுக்களும் உருவாக்கியதே எம்பி3. செவி எதைக் கவனிக்காதோ அதை நீக்கிக் கோப்பைச் சுருக்குவது அதன் அடிப்படை. உரத்த ஓசை ஒன்று ஒலிக்கும்போது அதற்கு அருகிலுள்ள மெல்லிய ஓசை செவிக்குப் புலப்படாது. ஆகவே அதைத் துல்லியமாக எழுத வேண்டியதில்லை என்று அது முடிவு செய்கிறது. 128 கிலோபிட் வேகத்தில் கோப்பு பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

மெல்லிசைப் பாட்டுக்கு இந்தச் சுருக்கம் பெரிதாக உறுத்தாது. சட்டென்று வெடித்து எழும் தாள ஓசைக்கு உறுத்தும். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு துண்டு ஏறத்தாழ 26 மில்லிவினாடி. துண்டின் நடுவில் ஓர் அடி விழுந்தால், சுருக்கத்தால் உண்டாகும் பிழை அந்த அடிக்குப் பின்னால் மட்டும் நிற்காமல் முன்னாலும் பரவிவிடும். அடி விழும் முன்பே ஒரு மங்கிய இரைச்சல் கேட்கும். இதை முன்னெதிரொலி என்பர். குறுகிய துண்டுகளைப் பயன்படுத்தி இதைக் குறைக்க எம்பி3யில் வழி உண்டு. முற்றிலும் போக்க வழியில்லை. கோப்பு எவ்வளவு சிறிதோ அவ்வளவு இது கூடும்.

உடுக்கை சட்டென்று எழும் ஓசையை உடையது. இடைக்கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் அதன் சுருதியைப் பாடகர் ஏற்றி இறக்குகிறார். அடியின் கூர்மையும் சுருதியின் நெளிவுமே அக்கருவியின் மொழி. கூத்தில் ஒலிக்கும் முகவீணையோ உயர்ந்த அதிர்வெண்களில் இயங்குவது. குறைந்த வேகச் சுருக்கம் முதலில் கைவைப்பது அந்த உயர் பகுதியில்தான். இப்பகுதிக் கலைகளின் தனித்தன்மை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் எம்பி3யின் பலவீனமும் இருக்கிறது.

எம்பி3யால் விளைந்த நன்மையை மறைப்பதும் நியாயமாகாது. சங்ககிரி லாரியிலோ திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலோ பல மாதம் வெளிமாநிலத்தில் இருப்பவருக்கு, ஊர்க்கூத்தை நகம் அளவு நினைவக அட்டையில் கொண்டுபோகும் வசதியைத் தந்தது அதுதான். கேட்பதற்கும் பரப்புவதற்கும் எம்பி3 ஏற்றது. அதையே மூலப்படியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து மீண்டும் மீண்டும் சுருக்கிப் படியெடுப்பதுதான் தவறு. திருத்திச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இழப்பு சேர்கிறது. நாடா காலத்தில் இருந்த பழைய நோயை எண்ணிம முறைக்குள் நாமே திரும்ப அழைத்து வருகிறோம்.

செல்பேசிப் பதிவுகள்

இன்று கூத்து நடக்கும் இடத்தில் பதிவுக் கருவி பெரும்பாலும் செல்பேசிதான். அது பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. பல செல்பேசிகள் ஒலி அளவைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். உடுக்கையின் ஓங்கிய அடி விழுந்ததும் கருவி அளவைத் தாழ்த்திவிடும். அடுத்து வரும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பிறகு மெல்ல மேலே ஏறும். பாடகர் செய்யாத ஏற்ற இறக்கம் பதிவில் இடம் பெற்றுவிடுகிறது. பிற்காலத்தில் கேட்கும் மாணவர் அதைப் பாடகரின் பாணி என்றே எண்ணக்கூடும்.

இரைச்சல் நீக்கும் வசதி இதைவிடச் சிக்கலானது. பேச்சு அல்லாத ஒலியெல்லாம் அதற்குக் குப்பை. அண்ணன்மார் கோயில்களில் நடக்கும் படுகளச் சடங்கை எடுத்துக்கொள்ளலாம். கதையில் வீரர்கள் மாளும் கட்டத்தில் அருள் வந்தவர்கள் தரையில் சாய்வார்கள். பாட்டும் உடுக்கையும் தொடர, பிறகு அவர்கள் எழுப்பப்படுவார்கள். அங்கே கூட்டத்தின் குரல், அழுகை, சட்டென்று விழும் அமைதி எல்லாம் நிகழ்வின் உறுப்புகள். அவற்றை நீக்கித் 'தெளிவாக்கிய' பதிவில் பாட்டு மிஞ்சும், படுகளம் மிஞ்சாது.

ஒலிபெருக்கிக் குழாயின் அருகில் செல்பேசியை வைத்துப் பதிவு செய்வதும் வழக்கமாகிவிட்டது. குழாய் ஒலிபெருக்கி ஏற்கெனவே சிதைத்த ஒலியைத்தான் அது வாங்கும். பாடகருக்கு நாலடி தொலைவில் வைத்த எளிய மைக் அதைவிட மேலான பதிவைத் தரும்.

சேமிப்பு என்னும் தொடர்வேலை

ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம், பாதுகாப்புக்கான பதிவு சுருக்கப்படாத வேவ் வடிவில், குறைந்தது 48,000 மாதிரி வீதத்திலும் 24 பிட் ஆழத்திலும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இந்தத் தரத்தில் எட்டு மணி நேரக் கூத்து ஒன்று இரு தடத்தில் 8.3 கிகாபைட் அளவு வரும். ஒரு காலத்தில் இது எட்டாத அளவு. இன்று ஒரு சாதாரண நினைவக அட்டையின் சிறு பகுதி. இடம் இல்லை என்ற காரணம் இப்போது செல்லாது. வேவ் கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால், இத்தரத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கோப்பைப் பிரிக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். இடத்தைச் சேமிக்க விரும்பினால் ஃபிளாக் வடிவம் உண்டு. அதுவும் சுருக்குகிறது, ஆனால் விரித்தால் ஓர் எண்கூட மாறாமல் திரும்பக் கிடைக்கும்.

எண்கள் அழிவதில்லை, அவற்றை ஏந்தும் பொருள் அழிகிறது. வீட்டில் எழுதிய குறுந்தகட்டின் சாயம் வெப்பத்திலும் ஒளியிலும் கெடும். பென்டிரைவில் தகவல் மின்னூட்டமாக இருக்கிறது. பல ஆண்டுகள் மின் இணைப்பின்றிக் கிடந்தால் அது கசியும். வன்தட்டு ஒருநாள் நிற்கும். நாடா கெடும்போது கரகரப்பாவது எச்சரிக்கும். எண்ணிமக் கோப்பு பல சமயம் நேற்று வரை நன்றாக இருந்து இன்று திறக்காமல் போகும். ஆகவே மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்பது காப்பாளர்களின் எளிய விதி. கோப்பின் எண்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்புத் தொகை என்ற குறியீட்டைக் குறித்து வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தால் கோப்பில் மாற்றம் நேர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.

பழைய ஒலிநாடாக்களை எண்ணிமமாக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஓட்டும் கருவியின் தலை நாடாவுக்குச் சரியான கோணத்தில் இல்லாவிட்டால் உயர்ந்த அதிர்வெண்கள் கணினிக்குள் வருவதே இல்லை. நாடா நலிந்துவிட்ட நிலையில் இரண்டாம் வாய்ப்பு கிடைக்காமலும் போகலாம். அவசரத்தில் எம்பி3யாக மாற்றி, 'இனி எதற்கு' என்று நாடாவைத் தூக்கி எறிவதே இதில் நடக்கக்கூடிய பெரிய இழப்பு.

பெயர் இல்லாத கோப்புகள்

தரமான பதிவும் விவரம் இல்லாவிட்டால் பயன்படாது. 'புதிய பதிவு 17' என்ற பெயரில் ஒரு கணினியில் கிடக்கும் கோப்பு, அதை எடுத்தவர் இருக்கும்வரைதான் ஆவணம். யார் பாடினார், அவருடைய ஆசிரியர் யார், எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சடங்கு, கதையின் எந்தப் பகுதி, எத்தனையாவது இரவு என்பவற்றைப் பதிவு செய்த அன்றே எழுதி வைக்க வேண்டும். பதிவின் தொடக்கத்தில் வாயால் சொல்லிச் சேர்ப்பது இன்னும் நல்லது. அந்த விவரம் கோப்பை விட்டுப் பிரியாது.

அனுமதியும் ஒரு விவரமே. இக்கலைஞர்களுக்குப் பாட்டு பிழைப்பு. ஓர் இரவுப் பாட்டு முழுவதையும் கேட்காமல் இணையத்தில் ஏற்றிவிட்டால் அடுத்த அழைப்பு குறையலாம். படுகளம் போன்ற சடங்குப் பகுதிகளைக் கோயிலுக்கு வெளியே ஒலிக்கவிடுவதில் ஊராருக்கும் கருத்து இருக்கும். எது காப்பகத்துக்கு மட்டும், எது எல்லோருக்கும் என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது, பதிவு செய்பவரின் கடமைகளில் ஒன்று.

மதிப்பீடு

1965இல் நாடாவில் பதிவான அண்ணன்மார் கதையோடு இன்றைய செல்பேசிப் பதிவுகளை ஒப்பிட்டால், கருவியில் நாம் வெகுதூரம் முன்னேறியுள்ளோம். அன்று கனமான கருவியும் விலை மிகுந்த நாடாவும் வேண்டியிருந்தன. இன்று அதைவிட நல்ல பதிவுக்கான எண்ணிமக் கருவி பெரும்பாலான கல்லூரிகளுக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பழைய பதிவைக் காப்பாற்றியது கருவி அல்ல. முழுக் கதையையும் பதிவு செய்தார்கள், பத்திரமாக வைத்தார்கள், கேட்டு எழுதினார்கள், அச்சிட்டார்கள். இன்றைய பதிவுகளில் காணாமல் போயிருப்பது இந்தத் தொடர் உழைப்புத்தான். எடுத்த பதிவு மூன்று நிமிடத் துண்டாக வெட்டப்பட்டு, வாட்ஸ்அப் வழியாக மேலும் சுருங்கி, பாடகரின் பெயரை இழந்து சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதைச் சீர்செய்யப் பெரும்பொருள் தேவையில்லை. சேலம், நாமக்கல் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள், கள ஆய்வேடுகளை வாங்கும்போது சுருக்கப்படாத ஒலிக்கோப்பையும் விவரத்தாளையும் சேர்த்து வாங்கலாம். ஒரு படி கல்லூரியில், ஒரு படி வெளியூர்க் காப்பகம் ஒன்றில், ஒரு படி பாடகரின் குடும்பத்தில் இருக்கலாம். 1982இல் தொடங்கப்பட்டு இப்போது அரியானாவின் குருகிராமில் இயங்கும் இசையியல் ஆவண ஆய்வு மையம், ஆய்வாளர்களின் களப்பதிவுகளைப் பெற்றுக் காத்துவருவதற்கு ஒரு முன்மாதிரி. ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை பாடத் தெரிந்த பாடகர்கள் குறைந்துவருகிறார்கள். அவர்களுள் ஒருவரை முழுமையாகப் பதிவு செய்யச் சில இரவுகளும், ஒருசில பத்து கிகாபைட் இடமும் போதும்.